கதை மெலிந்த படத்தை நட்சத்திரம் எப்படித் தாங்குகிறது? எங்கள் குறும்படம் ஏன் விழுந்தது?

உப்புவெளிப் பெடியன் கேட்டது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். 22 நிமிடம். குற்றப் படம், சண்டையும் இருக்கிறது. கதை இதுதான்: திருகோணமலை டச்பே கடற்கரையில் கச்சான் (வேர்க்கடலை) விற்கிற ஒரு பெரியவர். அவருக்கு ஒருவருக்கும் தெரியாத ஒரு பழைய வாழ்க்கை உண்டு. போதைப்பொருள் கும்பல் ஒன்று அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போகிறது. பெரியவர் பழைய ஆளாக மாறிப் போய் மகனை மீட்கிறார்.

பெரியவராக நடித்தது என் நண்பனின் மாமா. உண்மையிலேயே முப்பது வருடமாகக் கடற்கரையில் கச்சான் வண்டி வைத்திருப்பவர். அவருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டோம். தோளில் ஒரு சால்வை. உள்துறைமுக வீதியில் விடியற்காலை அவரை மெதுவாக நடக்க வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தோம். பின்னணி இசைக்கு மட்டும் இரண்டு வாரம் இருந்தோம். எடிட் செய்து பார்த்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையாகச் சொல்கிறேன், அவ்வளவு நம்பினோம்.

பிறகு ஒரு ரியூசன் வகுப்பு மண்டபத்தில் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துப் போட்டுக் காட்டினோம். நாற்பது பேர் வரை வந்தார்கள், எல்லாரும் தெரிந்த சனம்தான். ஒன்பதாவது நிமிடத்தில், சரியாக மாமா அந்த நடை நடக்கிற இடத்தில், முதல் போன் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. படம் முடியும்போது பாதி மண்டபம் நீல வெளிச்சத்தில் இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. "நல்லா எடுத்திருக்கிறீங்கள் தம்பி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அதுதான் கூட நொந்தது.

அதே கிழமை வீட்டில் ரீவியில் ரஜினியின் 'ஜெயிலர்' போட்டார்கள். அப்பா ஏற்கனவே மூன்று தரம் பார்த்த படம். திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் சமையலை விட்டுவிட்டு வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றா. நான் கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு பார்த்தேன். கதையில் எவ்வளவு ஓட்டை! ரஜினி நடிக்கிற முத்துவேலின் குடும்பத்தையே அழிக்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்த வில்லன் வர்மன், பாதிப் படத்துக்குப் பிறகு, செத்துவிட்டான் என்று நினைத்த மகன் உயிரோடு இருக்கிறான் என்று காட்டி, ஒரு கோயில் கிரீடத்தைத் திருடித் தரச் சொல்கிறான். அந்தக் கிரீடத்துக்காகப் படம் ஒரு தெலுங்கு நடிகர், ஒரு நடிகை, அவர்களுடைய காதல் தகராறு என்று எங்கோ போய்விடுகிறது. எந்த மாநிலத்துக்குப் போனாலும் முத்துவேலுக்கு உயிரைக் கொடுக்க ஒரு நண்பர் தயார். மகனைப் பற்றிய பெரிய உண்மை கடைசியில்தான் வருகிறது, அதையும் அவசரமாகச் சொல்லி முடிக்கிறார்கள்.

எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் நானும் கடைசிவரை எழும்பவில்லை.

என் கேள்வி இதுதான். இது முழுக்க நட்சத்திரத்தின் பலம்தானா? அப்படியென்றால் நட்சத்திரம் இல்லாத எங்களைப் போன்றவர்கள் இந்த வகைப் படத்தைத் தொடவே கூடாதா? எங்கள் மாமாவும் ஒரு பெரியவர், அவருக்கும் ஒரு பழைய கதை, அவரும் நடந்தார். எங்களுக்கு ஏன் நடக்கவில்லை?

—

கிண்ணியா ரசிகன்:

தம்பி, நேராகச் சொல்கிறேன். நட்சத்திரம்தான். வேறொன்றும் இல்லை.

2023 ஆகஸ்ட் மாதம் படம் வந்தபோது வாப்பாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போய்ப் பார்த்தேன். வாப்பாவுக்கு முழங்கால் நோ, ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் கதிரையில் இருக்கமாட்டார். 168 நிமிடம் இருந்தார். வீட்டுக்கு வந்தபோது உம்மா கதை என்ன என்று கேட்டா. வாப்பா யோசித்துவிட்டு, "தலைவர் வந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டார்" என்றார். அவருக்கு அது போதும்.

72 வயதில் ஒருவர் வெள்ளைத் தாடியோடு சும்மா கதிரையில் இருக்கிறார். அதைப் பார்க்க ஊரே போகிறது. 1975 இலிருந்து உழைத்துச் சேர்த்தது அது. உங்கள் மாமா நல்ல மனுசன், அவரிடம் நானும் கச்சான் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த இருப்பை இரண்டு வாரத்தில் இசை போட்டு உண்டாக்க முடியாது. வேறு வகைப் படம் எடுங்கள்.

—

மூதூர் ரீச்சர்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

படத்தை நட்சத்திரம் தாங்கியது என்கிறீர்கள். என்னைத் தாங்கவில்லை. நானும் ரஜினி படங்கள் பார்த்து வளர்ந்தவள்தான். 'படையப்பா' வந்தது 1999. அதில் நீலாம்பரியாக ரம்யா கிருஷ்ணன் ஊஞ்சலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அந்த ஆளுக்கு முன்னால் எப்படி நின்றா! அதே இருவரையும் 24 வருடம் கழித்துப் புருசன் பெண்சாதியாக ஒரே வீட்டில் வைக்கிறார்கள். எவ்வளவு பெரிய வாய்ப்பு. அவ என்ன செய்கிறா? பயப்படுகிறா, அழுகிறா, கோபப்படுகிறா, காரில் ஏறுகிறா. மருமகளுக்கு அதுவும் இல்லை. நட்சத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அவவே சாட்சி. அவவும் நட்சத்திரம்தானே?

நான் கண் எடுக்காமல் பார்த்தது வில்லன் வர்மனாக வந்த விநாயகனை. அதற்கு முன் அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. பிறகுதான், 2016 இல் வந்த ஒரு மலையாளப் படத்துக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் என்று தெரிந்துகொண்டேன். "மனசிலாயோ" என்று கேட்கும்போது சிரிக்கிறாரா வெருட்டுகிறாரா என்று விளங்காது. ஆளை அமிலத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு அடுத்த நிமிடம் தன் ஆட்களோடு ஆடுகிறார். எனக்கு அவரைப் பற்றி முன்கதை ஒன்றும் தெரியாது, ஆனாலும் பயந்தேன். அது நடிப்பு. நட்சத்திரப் பலம் என்று அதைச் சொல்ல முடியாது.

தெலுங்கு நடிகர் பகுதியில் நானும் போனை எடுத்தேன். தமன்னாவின் பாட்டு நல்ல பாட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூட விழாவில் ஆடினார்கள். ஆனால் அந்த இடத்தில் படம் நின்றுபோய்விட்டது.

தம்பி, உங்கள் படத்தில் வில்லன் யார்? கும்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். கும்பலுக்கு முகம் இருக்கிறதா?

—

பழைய டெக் கடை:

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு இரண்டு தரம் வாசித்தேன். நான் சினிமா படித்தவன் இல்லை. ஆனால் 1980களின் கடைசியிலிருந்து சீடி வந்து எல்லாவற்றையும் மூடும்வரைக்கும் மத்திய வீதியில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தேன். ரீவியும் கேசட் போடுகிற டெக்கும் ஒரு இரவுக்கு வாடகைக்குக் கொடுப்போம். கரண்ட் இல்லாத வீடுகளுக்கு ஜெனரேட்டரும் போகும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கேசட்டுகள் சொல்லித் தந்தது.

வீடியோ கேசட்டை இடையில் நிறுத்தி வைத்தால் (pause) என்ன நடக்கும் தெரியுமா? படம் நிற்கும், ஆனால் உள்ளே நாடாவைப் படிக்கிற ஹெட் நிற்காது. அந்த உருளை சுற்றிக்கொண்டே நாடாவின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப ரிவைண்ட் பண்ணிப் பார்க்கிற இடமும் அப்படித்தான் தேயும். நூறு வீடு போய் வந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தால் சில இடங்களில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். நான் ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்து ஹெட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டையும் ஓட்டிப் பார்ப்பேன். கோடு விழுந்த இடம் எது என்று பார்த்தால் சனத்துக்கு எது பிடித்தது என்று தெரியும். வாயால் கேட்டால் ஆயிரம் சொல்வார்கள். நாடா பொய் சொல்லாது.

1995 பொங்கலுக்கு 'பாட்ஷா' வந்தது. எங்களுக்குக் கேசட் வர நாள் எடுத்தது. அந்த ஏப்ரல் 19 இல் எங்கள் துறைமுகத்துக்குள் கடற்படைக் கப்பல்கள் வெடித்து, திரும்பச் சண்டை தொடங்கிவிட்டது. பொழுது பட்டால் ஒருவரும் வெளிக்கிட மாட்டார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு நாலு வீட்டு ஆட்கள் ஒரு வீட்டில் கூடிப் படம் பார்ப்பார்கள். அந்த வருடம் என்னிடம் இருந்த மூன்று 'பாட்ஷா' கேசட்டும் வீட்டில் தங்கினதே இல்லை.

கோடு எங்கே விழுந்தது? நான் சண்டையில் விழும் என்று நினைத்தேன். இல்லை. முதல் கோடு, ரஜினி நடிக்கிற மாணிக்கம் தங்கச்சிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்கப் போகிற இடம். எனக்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதைக்கிறார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கு ஒன்றும் கேட்காது. எதிரே இருக்கிற மனுசனின் முகம் மட்டும் மாறும். இரண்டாவது கோடு, அவரைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிற இடம். திருப்பி அடிக்கிற இடத்தில் இல்லை, அடி வாங்குகிற இடத்தில். வாங்கிக்கொண்டே சிரிப்பாரே, அங்கே. மூன்று கேசட்டிலும் அதே இடம். வெவ்வேறு வீடு, வெவ்வேறு ஆட்கள், ஆனால் நிறுத்தி வைத்துப் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சனம் பார்ப்பது அவர் செய்வதை இல்லை, செய்யாமல் பிடித்துவைத்திருப்பதை. கைக்குள் என்னவோ இருக்கிறது, திறக்கவில்லை, எப்போது திறப்பார் என்று காத்திருப்பது. அந்தக் காத்திருப்புக்குள் கதையில் ஓட்டை இருந்தால் கண்ணில் படாது.

சரி, 'ஜெயிலர்' படத்துக்கு வருகிறேன். முதல் பகுதியை யோசித்துப் பாருங்கள். முத்துவேல் மகனுடைய சப்பாத்தைத் துடைக்கிறார். பேரன் யூடியூபுக்கு வீடியோ எடுக்கக் கூப்பிட்டால் போய் நிற்கிறார். மனைவி ஏசினால் கேட்டுக்கொண்டு இருக்கிறார். இதை வேறு யாராவது செய்தால் அது ஒரு ஓய்வூதியக்காரரின் வீடு, அவ்வளவுதான். ரஜினி செய்யும்போது மட்டும் நாங்கள் உள்ளே சிரித்துக்கொண்டு, பொறு பொறு என்று இருக்கிறோம். ஏன்? 'பாட்ஷா' கேசட்டின் அந்தக் கோடு எங்களுக்குள் இருக்கிறது. கதையின் முதல் பாதியை நாங்கள்தான் வீட்டிலிருந்து கொண்டுபோகிறோம். இயக்குநர் நெல்சன் அதை எழுதத் தேவையில்லை, எழுதவும் இல்லை. கிண்ணியா ரசிகன் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அவருடைய வாப்பா முப்பது வருடக் கதையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

ஆனால் மூதூர் ரீச்சர் சொல்வதும் சரிதான், ஏன் என்று சொல்கிறேன். இடைவேளைப் பக்கம் வீட்டுக்குள் வந்த ஆட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்களே, இவருக்கு ஒரு பதற்றமும் இல்லை, குடும்பம் இவரை வேறு ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறது. அத்தோடு கை திறந்துவிட்டது. இனிப் பிடித்துவைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கிரீடம் வருகிறது, தெலுங்கு நடிகர் வருகிறார், ரீச்சர் போனை எடுக்கிறா. அந்தப் பகுதியிலும் அதே ரஜினிதான் இருக்கிறார், அதே அனிருத்தின் இசைதான். நட்சத்திரம் மட்டும் போதும் என்றால் அங்கே ஏன் தொய்கிறது? கதை மெலிந்தது அங்கேதான் வெளியே தெரிகிறது, துணி தேய்ந்த முழங்கால் போல.

திரும்ப எழும்புவது எங்கே? முத்துவேலின் நண்பராகச் சிவராஜ்குமார் கையில் ஒரு டிஷ்யூப் பெட்டியோடு நடந்து வரும்போது. மோகன்லால் வரும்போது. அவர்கள் வந்த நேரம் எவ்வளவு, சில நிமிடம். ஒருவரும் துள்ளவில்லை, கத்தவில்லை. வந்து நிற்கிறார்கள். புதிதாக இரண்டு மூடிய கை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு கன்னடப் படம் ஒன்றும் தெரியாது, சிவராஜ்குமார் யார் என்றே தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் கத்தினான். அந்த மனுசன் நின்ற விதத்தைப் பார்த்துக் கத்தினான்.

விநாயகனும் இதுதான். சிரிக்கிறாரா வெருட்டுகிறாரா விளங்கவில்லை என்று ரீச்சர் எழுதியிருக்கிறா. அவரும் என்னவோ பிடித்துவைத்திருக்கிறார். முன்கதை தெரியாத ஆளிடமும் அது வேலை செய்தது என்றால், தம்பி, உங்களுக்கு அங்கேதான் வழி இருக்கிறது.

கடைசிக் காட்சி உங்கள் கொப்பியில் ஓட்டையாக இருக்கிறது. எனக்கு அது படத்தின் நல்ல இடங்களில் ஒன்று. அவசரமாக வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மகன் களவுக்குத் துணை போனவன் என்று தெரிந்த பிறகு தகப்பன் அவனுக்கு ஒரு வழி விடுகிறார். சரி என்று சொல்லிவிடு மகனே என்று வாய் திறந்து கெஞ்சவில்லை, முகத்தில் அது நிற்கிறது. அங்கே மட்டும் அவர் ரஜினி என்பதை மறந்து ஒரு தகப்பனைப் பார்த்தேன். நானும் மகனைப் பெற்றவன்.

இப்போது உங்கள் மாமா. அவரை எனக்குத் தெரியும், கடற்கரைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். நீங்கள் செய்த பிழை அவரை நடக்க வைத்ததுதான். கண்ணாடி போட்டு, சால்வை போட்டு, நான் பெரிய ஆள் என்று முதலே சொல்லிவிட்டீர்கள். கையைத் திறந்து காட்டிவிட்டு, இனி என்ன வரும் என்று பாருங்கள் என்றால் சனம் போனைத்தான் பார்க்கும். ரஜினிக்கு அந்த நடை பின்னால் வருகிற வட்டி. உங்கள் மாமாவுக்கு இன்னும் முதலே போடவில்லை.

அவர் கச்சான் சுற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பழைய கொப்பித் தாளை எடுத்து, பெருவிரலில் ஒரு சுற்று, அடியை ஒரு மடிப்பு. கண் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை தன்பாட்டில் செய்யும். அளக்கிற சுண்டை நிரப்பிக் கொட்டுவார். கொட்டிய பிறகு வலது கையால் இன்னும் ஒரு சின்னப் பிடி மேலே வைப்பார். எல்லாருக்கும் வைப்பார். முப்பது வருடமாக நான் காசு கொடுத்தது அந்தப் பிடிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதை மூன்று தரம் காட்டுங்கள். ஒரு சின்னப் பிள்ளைக்கு, ஒரு சோடிக்கு, ஒரு பொலிஸ்காரருக்கு. மூன்று பேருக்கும் அந்தப் பிடி. நாலாவதாக உங்கள் கும்பலைச் சேர்ந்த ஒருவன் வரட்டும், ரீச்சர் கேட்ட முகம் அவனுக்கு இருக்கட்டும். மாமா அதே மாதிரித் தாளைச் சுற்றட்டும், சுண்டை நிரப்பட்டும், கொட்டட்டும். பிடி மட்டும் வைக்க வேண்டாம். சுருளை நீட்டிவிட்டுக் கடலைப் பார்க்கட்டும். இசை வேண்டாம், அலை கேட்டால் போதும்.

—

மூதூர் ரீச்சர்:

ஐயா, அந்த நாலாவது ஆள் கவனிக்க வேண்டும். சுருளை வாங்கிக்கொண்டு, "எனக்கு மேலே வைக்கேல்லையே" என்று சிரித்துக்கொண்டு கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் எனக்குப் பயம் வரும்.

ரம்யா கிருஷ்ணன் விசயத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

—

பழைய டெக் கடை:

ரீச்சர், அந்தச் சிரிப்பு சரியான இடம். அதை நான் யோசிக்கவில்லை.

ரம்யா கிருஷ்ணன் விசயத்தில் உங்கள் கோபம் நியாயம். 'படையப்பா' கேசட்டில் கோடு விழுந்த இடங்களில் பாதி நீலாம்பரியுடையது. அவ படி இறங்கி வருவது, அவ பார்வை. பெண்கள் கூடுதலாக எடுத்துப்போன கேசட் அது. புருசனின் பழைய வாழ்க்கை முழுக்கத் தனக்குத் தெரியும், ஆனால் தெரியாதது போல இவ்வளவு காலம் இருந்தேன் என்று அவ ஒரே ஒரு பார்வை பார்த்திருந்தால் அந்த வீடு முழுக்க வேறு மாதிரி ஆகியிருக்கும். அவவிடம் அந்தப் பார்வை இருக்கிறது. கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது பாகத்தை 2025 பொங்கலுக்கு அறிவித்தார்கள். அதில் அவவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்கு உண்மையான ஆசை.

—

உப்புவெளிப் பெடியன்:

ஐயா, ரீச்சர், இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பதிலைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய் நாலு பேரும் கடற்கரையில் உட்கார்ந்து வாசித்தோம். என் நண்பன் ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த நடையை வெட்டினால் தான் போய்விடுவேன் என்றான். அவன்தான் அந்த ஷொட் எடுத்தவன், விடிய நாலு மணிக்கு எழும்பி எடுத்தது. ஒரு மணித்தியாலம் கதைத்தோம். பிறகு அவனே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மாமாவின் கையைப் போனில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். எட்டு வினாடிதான். நாலு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

எங்கள் படத்தில் மாமா கச்சான் விற்பது மொத்தமாகவே ஒரு ஷொட். அதுவும் தூரத்திலிருந்து. கை தெரியவே இல்லை.

ஒரு சந்தேகம். அந்தப் பிடியை வைக்காமல் விட்டது சனத்துக்கு விளங்குமா? கவனிக்காமல் போனால்?

—

பழைய டெக் கடை:

மூன்று தரம் வைத்தால் நாலாவது தரம் கண் தானாகத் தேடும். கையைக் கிட்டக் காட்டுங்கள், ஆனால் நாலாவது தரம் முதல் மூன்றையும் விடக் கிட்டப் போக வேண்டாம். அதே தூரத்தில் கமெராவை வையுங்கள். நீங்கள் கிட்டப் போனால் சுட்டிக் காட்டியது போல ஆகிவிடும்.

அப்புறம் நடையை எறிய வேண்டாம் என்று உங்கள் நண்பனிடம் சொல்லுங்கள். அவன் விடிய எழும்பி எடுத்தது. மகனைத் தேடிப் போகும்போது வண்டியை விட்டுவிட்டுப் போவாரே, அங்கே வையுங்கள். கண்ணாடி இல்லாமல், சால்வை இல்லாமல். கையில் கொப்பித் தாள் ஒன்று மறந்துபோய் இருக்கட்டும். ஸ்லோ மோஷன் வேண்டுமா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும்.

—

கிண்ணியா ரசிகன்:

தம்பி, வேறு வகைப் படம் எடுங்கள் என்று நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். திரும்பப் போட்டுக் காட்டும்போது சொல்லுங்கள். வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவருக்குச் சாய்வு உள்ள கதிரை ஒன்று மட்டும் தேவை.

—

உப்புவெளிப் பெடியன்:

கதிரை கட்டாயம் வைப்போம் அண்ணா.

சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்குத் திரும்ப எடுக்கிறோம். அந்த நேரம் வெளிச்சம் கடல் பக்கம் நல்லா இருக்கும். மாமாவிடம் விசயத்தைச் சொன்னோம். பிடி வைக்காமல் நீட்டிப் பார்க்கச் சொன்னதற்கு இரண்டு தரம் முயன்றார், இரண்டு தரமும் கை தானாகப் போய் வைத்துவிட்டது. மூன்றாவது தரம் இடது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையை நிறுத்தினார். அந்த நேரம் அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை, சனிக்கிழமை அதை எடுத்துவிட்டால் போதும்.

பழைய கொப்பிகள் இருந்தால் தாருங்கள். சின்ன வகுப்புக் கொப்பிதான் வேண்டுமாம், தாள் மொத்தம், சுற்றினால் நிற்கும் என்று மாமா சொல்கிறார்.